லைன் வீட்டு முற்றத்தில் ஒரு குவாசர் லைன்: 100 கோட்டு கிரேட்டிங் வாங்கலாமா?

முழுவதும் வாசிக்க நேரமில்லாதவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் இந்தக் கிரேட்டிங் கண்ணாடி நல்ல சாமான், சொன்னதைச் செய்கிறது. அதைச் சுற்றியுள்ள மற்ற எல்லாமே கரைச்சல். நட்சத்திரங்களின் நிறமாலை பார்க்க ஆசைப்படுகிறவர் என்றால் யோசிக்காமல் வாங்கலாம். தூரத்துக் கலக்சிகளின், முக்கியமாக நடுவிலுள்ள கருந்துளையைச் சுற்றும் வாயுவால் பிரகாசிக்கும் குவாசர்களின், ஒளிக்கோடுகளைப் பிடித்தே தீருவேன் என்று என்னைப்போல ஒற்றைக்காலில் நிற்கிறவர் என்றால், கீழே உள்ளதை வாசித்துவிட்டு வாங்குங்கள்.

சாமான் இதுதான். பத்து ரூபாய்க் குற்றியை விடக் கொஞ்சம் பெரிய கறுப்பு வளையம், நடுவில் கண்ணாடி. கண்ணாடியில் ஒரு மில்லிமீற்றருக்கு 100 கோடு வீதம் கீறியிருக்கிறார்கள், வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, சாய்த்துப் பிடித்தால் லேசாக ஒரு மினுக்கம். 1.25 அங்குல மரை இருப்பதால் கமராவின் மூக்கில் அப்படியே திருகிவிடலாம். தொலைகாட்டியில் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தால், நட்சத்திரம் ஒரு புள்ளியாகவும் பக்கத்தில் அதன் நிறங்கள் நீட்டி விரித்த நாடாவாகவும் விழும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதைத் திருசியம் என்று எழுதியிருக்கும். நான் நிறமாலை என்றே எழுதுகிறேன், அதுதான் வாயில் வருகிறது.

இது வந்த அன்று அம்மாவிடம் "லைன் பார்க்கிற சாமான்" என்று சொன்னேன். "லைன் பார்க்கவா? நாம லைன்லதானே இருக்கோம், இன்னும் என்னத்தப் பார்க்கப் போற?" என்று கேட்டுவிட்டு கொழுந்துக்கூடையைத் தட்டப் போய்விட்டார். இலங்கை மலையகத்தில் லைன் என்றால் முதலில் தோட்டத் தொழிலாளர் வீடுதான். எட்டுக் காம்பிரா ஒரே கூரையின் கீழ். அதன் முற்றத்தில் நின்றுகொண்டுதான் இந்த விமர்சனத்தில் வரும் எல்லாவற்றையும் பார்த்தேன், கொட்டகலைக்குப் பக்கத்தில்.

விலையைச் சொல்லாமல் விமர்சனம் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. கண்ணாடி, கூரியர், வரி எல்லாம் சேர்த்துக் கைக்கு வரும்போது 61,000 ரூபாய். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வந்ததே, அந்தக் கணக்கில் அம்மாவுக்கு 45 நாள். இதை வீட்டில் சொல்லவில்லை. நான் வாத்தியார் வேலை பார்க்கிறேன், டியூசன் காசு என்று சமாளித்தாயிற்று. பொதி ஓர் அலுவலகத்தில் பதினொரு நாள் கிடந்தது, "இது கண்ணாடியா, கருவியா" என்று கேட்டார்கள், இரண்டும்தான் என்றேன், அந்தப் பதிலுக்குப் படிவத்தில் இடம் இருக்கவில்லை. சரி, அதை விடுவோம்.

இதற்கு முன்னால் மலிவாக ஒன்று வாங்கி ஏமாந்த கதையும் உண்டு. ஒன்லைனில் ஒரு கடை, படச்சட்டத்தில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள். கோடு எக்கச்சக்கம், மில்லிமீற்றருக்கு 500க்கு மேல். கோடு கூடினால் நல்லது என்று நினைத்துத்தான் வாங்கினேன், அது தப்பு. கோடு கூடக் கூட நிறமாலை நீளமாக இழுபடும், இருக்கிற கொஞ்ச ஒளியும் அத்தனை நீளத்துக்குப் பரவி மங்கிவிடும். பகல் வெளிச்சத்துக்கும் பல்புக்கும் அது போதும், 13ஆம் பருமன் (எண் கூடக் கூட மங்கல்) குவாசருக்கு உதவாது. அதோடு தாளில் சுருக்கம் வேறு, நட்சத்திரத்தின் வால் கிழிந்த கொடி மாதிரி விழுந்தது. (பல்பு பார்க்க மட்டும் என்றால் அதுகூட வேண்டாம், பழைய சீடி போதும். அதில் மில்லிமீற்றருக்கு 625 தடம் இருக்கிறது, காசும் இல்லை.) இந்த 100 கோட்டுக் கண்ணாடி அப்படியில்லை. வெட்டிய கோணத்தால் ஒளியின் பெரும்பங்கு ஒரே பக்கத்து நாடாவுக்குப் போகிறது, மற்றப் பக்கத்து நாடா பேருக்குத்தான் தெரியும். காசு போவது அந்த வெட்டுக்குத்தான், வளையத்துக்கு அல்ல.

வானம் மூடியிருந்த முதல் வாரம் முழுக்க எதிர் மலையைத்தான் பார்த்தேன். இது இந்தச் சாமானின் விற்பனைத் தாளில் இல்லாத பயன். கண்ணாடியைக் கண்ணில் பிடித்துக்கொண்டு பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் உள்ள லைட்டுகளைப் பாருங்கள். ஒவ்வொரு லைட்டுக்கும் பக்கத்தில் ஒரு குட்டி நாடா. எல்ஈடி பல்பு என்றால் நீலத்திலிருந்து சிவப்பு வரை இடைவெளி இல்லாமல் ஒரே பூச்சு. பழைய சுருள் சீஎஃப்எல் பல்பு என்றால் நாடா துண்டு துண்டாக உடைந்து, நீலம் ஒன்று, பச்சை ஒன்று, செம்மஞ்சள் ஒன்று என்று தனித்தனிப் பொட்டுகளாக நிற்கும். அந்தப் பச்சைப் பொட்டில் இரசத்தின் 5461 அங்ஸ்ட்ரோம் கோடும் இருக்கிறது (அங்ஸ்ட்ரோம் என்றால் ஒரு மில்லிமீற்றரில் கோடியில் ஒரு பங்கு). என் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேருக்குக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் யார் வீட்டில் இன்னும் பழைய பல்பு எரிகிறது என்று மலைமுழுக்கக் கணக்கெடுத்துவிட்டார்கள். "சேர், அந்தக் கடைசிக் காம்பிரா எங்க பெரியம்மா வீடு, அங்க மட்டும்தான் துண்டு துண்டா இருக்கு" என்றாள் ஒருத்தி. பெரியம்மா வீட்டுக்குள் போகாமலே என்ன பல்பு என்று சொல்ல முடிகிறதல்லவா, குவாசரிலும் நடப்பது இதேதான். சூடான வாயுவில் உள்ள ஒவ்வொரு அணுவும் தனக்கென்று உள்ள அலைநீளங்களில் மட்டும் ஒளி விடும். அந்தப் பொட்டைப் பார்த்தால் அணு எது என்று தெரியும், இருக்கவேண்டிய இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்தால் தூரமும் வேகமும் தெரியும்.

இனிப் பொருத்துவது. என்னிடம் இருப்பது 20 சென்ரிமீற்றர் ஆடியுள்ள நியூட்டன் தொலைகாட்டி, குவியத்தூரம் 1,000 மில்லிமீற்றர், கொழும்பில் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. கமரா சின்னது, 1280க்கு 960, ஒரு பிக்சல் 3.75 மைக்ரோன். கிரேட்டிங்குக்கும் கமராவின் சில்லுக்கும் உள்ள இடைவெளிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். 50 மில்லிமீற்றர் வைத்தால் ஒரு பிக்சலுக்கு 7.5 அங்ஸ்ட்ரோம் வரும். அதைவிடக் கூட்டினால் நட்சத்திரப் புள்ளியும் நாடாவின் சிவப்பு நுனியும் ஒரே படத்தில் கொள்ளாது, குறைத்தால் கோடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிவிடும். பெட்டியோடு வந்த தாளில் இந்த இடைவெளியைப் பற்றி ஒரே ஒரு வரிதான். இடைவளையமும் தரவில்லை. தண்ணீர்க் குழாய்த் துண்டை அரத்தால் தேய்த்து நானே செய்துகொண்டேன், ஒரு முழு ஞாயிறு போயிற்று. இந்த விலைக்கு ஒரு வளையத்தைச் சேர்த்துத் தந்திருக்கலாம், மதிப்பெண்ணில் அரை நட்சத்திரம் குறைக்கிறேன்.

அப்புறம், தொலைகாட்டியைச் சுமந்து வானத்தோடு திருப்பும் தாங்கி. இது கிரேட்டிங்கின் குற்றம் இல்லை, ஆனால் நம் ஊரில் வாங்குகிறவர் தெரிந்திருக்க வேண்டும். நாம் இருப்பது வடக்கே 7 பாகையில். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 7 பாகை உயரத்தில்தான் நிற்கும், அங்கே எங்களுக்கு மலை நிற்கிறது. பிறந்ததிலிருந்து இந்த முற்றத்தில் துருவ நட்சத்திரத்தைக் கண்டவர் கிடையாது. குளிர்நாட்டுக்காரர்களுக்காகச் செய்த தாங்கியின் அச்சை 7 பாகைக்கு இறக்கவும் முடியாது, திருகாணி 15இல் முட்டி நின்றுவிடும். தெற்குக் காலின் கீழே செங்கல் அடுக்கி முழு முக்காலியையும் வடக்கே சாய்த்தேன். எடைக்கல் தண்டு காலில் இடித்தது, முக்காலியைத் திருப்பி வைத்தேன். நட்சத்திரம் எந்தப் பக்கம் வழுகுகிறது என்று பார்த்துப் பார்த்து அச்சைத் திருத்துவதற்கு மூன்று இரவு.

ஒரு சின்னத் தந்திரம், யாரும் எனக்குச் சொல்லித் தராதது. தாங்கியின் மோட்டர் தள்ளாடுவது கிழக்கு மேற்காகத்தான். அதனால் கிரேட்டிங்கைத் திருகும்போது நிறமாலை வடக்கு தெற்காக விழும்படி நிறுத்துங்கள். அப்போது மோட்டரின் ஆட்டம் நாடாவைக் கொஞ்சம் அகலமாக்குமே தவிர, கோட்டைக் கலைக்காது. முதல் இரண்டு இரவை நான் இது தெரியாமல் தொலைத்தேன்.

நம் பக்கத்துக்கு ஒரு பெரிய வரமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நன்றிகெட்டவன் ஆவேன். வானத்திலேயே பிரகாசமான குவாசர் 3சி 273. கன்னி இராசியில், வானநடுக்கோட்டுக்கு வடக்கே 2 பாகையில். நமக்கு அது கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே வரும். இலண்டன்காரனுக்கு அது பாதி வானத்துக்கும் கீழே, நமக்கு நடு உச்சியில், காற்றின் மிக மெல்லிய பக்கத்தின் வழியாக. அதோடு ஜனவரியிலிருந்து மார்ச் வரை டிம்புலப் பக்கம் நல்ல தேயிலைக் காலம், பகலில் வெயில், இரவில் குளிர், வானம் துடைத்துவிட்டது மாதிரி. கொழுந்து நன்றாக வரும் அதே மாதங்களில்தான் இந்தக் குவாசரும் உச்சிக்கு வருகிறது.

மாசி அமாவாசை கழிந்த நாலாம் இரவு. கீழே காமன் கூத்துக்குக் காமன் ஊன்றியிருந்தார்கள், தப்புச் சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்துகொண்டிருந்தது. பத்து மணிக்குப் பிறை இறங்கியது. முதலில் மகம் நட்சத்திரத்தைப் படம் எடுத்தேன், அதுதான் அளவுகோல். மகம் போன்ற வெண்ணீல நட்சத்திரங்களில் ஐதரசன் ஒளியை விழுங்கி இருண்ட பள்ளங்களை உண்டாக்கும், அந்தப் பள்ளங்களின் அலைநீளம் உலகத்துக்கே தெரிந்தது. அவற்றில் ஒன்றான ஐதரசன் பீட்டா 4861 அங்ஸ்ட்ரோம். என் படத்தில் அது நட்சத்திரப் புள்ளியிலிருந்து 646ஆம் பிக்சலில் விழுந்தது. வகுத்தால் பிக்சலுக்கு 7.525. தாளில் போட்ட கணக்கு 7.5 சொன்னது, குழாய்த் துண்டை அரத்தால் தேய்த்தவனுக்கு இது மோசமில்லை.

பிறகு கன்னியின் காமா நட்சத்திரத்திலிருந்து வடமேற்கே 5 பாகை அளவில் தேடினேன். வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம். 3சி 273 பார்க்க ஒரு மங்கிய நட்சத்திரம், அவ்வளவுதான், பருமன் 12.9. கலக்சி மாதிரியே தெரியாது, அதனால்தான் குவாசர் என்ற பெயரிலேயே நட்சத்திரம் போன்றது என்ற பொருள் இருக்கிறது. அந்தப் பகுதியில் நட்சத்திரங்கள் குறைவு என்பதால் பக்கத்து வால்கள் வந்து குறுக்கே விழவில்லை. 30 செக்கன் படம் 80, மொத்தம் 40 நிமிடம், அதிகாலை 2 மணியை ஒட்டி. நடுவில் மிஸ்ட் ஒரு தடவை ஏறி வந்து இருபது நிமிடம் இருந்துவிட்டுப் போனது. கண்ணாடியில் ஈரம் பிடித்தது, துடைக்கக்கூடாது என்பதால் அக்காவின் தலைமுடி உலர்த்தியை நீட்டுக் கம்பியில் கொண்டுவந்து தூரத்தில் பிடித்தேன். வேஷம் கட்டிய இரண்டு பேர் தேநீர் தேடி வந்தவர்கள், முகத்துச் சாயத்தோடு என் கணினித் திரையைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஒன்னும் தெரியலியே மாஸ்டர்" என்றார்கள். உண்மைதான். ஒற்றைப் படத்தில் ஒன்றுமே தெரியாது.

80 படத்தையும் அடுக்கியபோது சாம்பல் நிறத்தில் ஒரு மங்கிய கீறல் வந்தது. அதை வரைபடமாக்கினால், சரிந்துகொண்டே போகும் ஒரு மலைமுகடு. 749ஆம் பிக்சலில் ஒரு மேடு.

அதுதான். அந்த மேட்டுக்குத்தான் 61,000 ரூபாய்.

கணக்கைப் பாருங்கள். 749ஐ 7.525ஆல் பெருக்கினால் 5636 அங்ஸ்ட்ரோம். அங்கே ஒளிரக்கூடிய பெரிய ஐதரசன் கோடு எதுவும் நம் ஊரில் கிடையாது. அது 4861இல் கிளம்பிய பீட்டா கோடு என்று எடுத்துக்கொண்டால், 775 அங்ஸ்ட்ரோம் சிவப்புப் பக்கம் தள்ளிப்போயிருக்கிறது. 775ஐ 4861ஆல் வகுத்தால் செம்பெயர்ச்சி 0.159. புத்தகத்தில் உள்ளது 0.158. ஒரு பிக்சல் பிசகினாலே 0.0015 மாறும், ஆகவே இந்தப் பொருத்தத்தில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு, பெருமை பேசவில்லை.

"எடுத்துக்கொண்டால்" என்ற சொல்தான் உறுத்தும். அது பீட்டாதான் என்று எப்படித் தெரியும்? இந்த இடத்தில்தான் 1963இல் மார்ட்டன் ஷ்மிட் என்ற வானியலாளரும் தலையைப் பிய்த்துக்கொண்டார். அதற்கு முந்திய வருடம் சந்திரன் அந்த ரேடியோ மூலத்தை மறைத்தபோது, அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைகாட்டி அதன் இடத்தைத் துல்லியமாகக் குறித்துக்கொடுத்தது. ஷ்மிட் பலோமாரின் 5 மீற்றர் தொலைகாட்டியில் நிறமாலை எடுத்தார், கோடுகள் எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. பெப்ரவரியில்தான் பிடிபட்டது, கோடுகளின் இடைவெளி ஒழுங்கு ஐதரசனுடையது, ஆனால் முழு வரிசையும் 15.8 சதவீதம் இழுபட்டிருக்கிறது என்று. ரப்பர் பட்டியில் புள்ளி வைத்து இழுத்தால் புள்ளிகள் தள்ளிப்போகும், ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் மாறாதல்லவா, அதே கதை. என் வரைபடத்தில் 668ஆம் பிக்சலில் இன்னொரு சின்ன மேடு இருக்கிறது, இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்குச் சின்னது. 749ஐ 668ஆல் வகுத்தேன், 1.121. ஐதரசன் பீட்டா 4861, காமா 4340, வகுத்தால் 1.120. இந்தக் கணக்குக்கு மகமும் வேண்டாம், குழாய்த் துண்டும் வேண்டாம், பிக்சலை எண்ணத் தெரிந்தால் போதும். விடிகாலை நாலரைக்கு, பெரட்டுக்கு, அதாவது காலை வேலைப் பிரிப்புக்கு, ஆட்கள் எழும்பும் நேரத்தில், அடுப்படியில் உட்கார்ந்து இந்த வகுத்தலை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். ஷ்மிட்டின் ஆடி என்னுடையதைவிட 600 மடங்குக்கும் மேல் ஒளி சேர்க்கும். எனக்குச் சாதகம், விடை முன்னமே தெரியும் என்பதுதான்.

அந்த ஒளி கிளம்பிச் சுமார் 200 கோடி வருடம். அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு விஷயம், இதை விற்பனைத் தாளில் யாரும் எழுதமாட்டார்கள். ஐதரசனின் மிகப் பலமான கோடு அல்பா, 6563 அங்ஸ்ட்ரோம். முதலில் அதைத்தானே பிடிக்கவேண்டும்? 3சி 273இல் அது இழுபட்டுச் சரியாக 7600இல் போய் விழுகிறது. நம் காற்றிலுள்ள ஒட்சிசன் ஒளியை விழுங்கும் பெரிய பள்ளமும் அதே 7600இல்தான். இவ்வளவு தூரம் வந்த கோடு, வாசற்படியில் வந்து குழியில் விழுகிறது. என் வரைபடத்தில் அந்த இடத்தில் நடுவில் பல் விழுந்த மேடு ஒன்று தெரிகிறது, மகத்தின் நிறமாலையிலும் அதே இடத்தில் அதே பல். உங்கள் கமராவில் அகச்சிவப்பை வெட்டும் வடிகட்டி இருந்தால் இதுகூடத் தெரியாது.

கோட்டின் அகலம்தான் உண்மையில் சுவாரசியமானது, இந்தச் சாமான் கையை விரிப்பதும் அங்கேதான். நடுவில் இருக்கும் கருந்துளையைச் சுற்றி வாயு செக்கனுக்கு ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளி நீலப் பக்கமும் விலகிப் போவதன் ஒளி சிவப்புப் பக்கமும் நகர்வதால் கோடு தடித்துப் போகும். அகலத்தை அளந்தால் வேகம் வரும், அது எவ்வளவு தூரத்தில் சுற்றுகிறது என்று தெரிந்தால் கருந்துளையின் எடையே வரும். 2018இல் சிலியிலுள்ள நான்கு 8 மீற்றர் தொலைகாட்டிகளின் ஒளியைச் சேர்த்து, இதே 3சி 273இல் அந்த வாயு சுழல்வதையே பார்த்துவிட்டார்கள். எடை சுமார் 30 கோடி சூரியன் என்று வந்தது. என் மேட்டின் அகலம் 12 பிக்சல், 90 அங்ஸ்ட்ரோம். நட்சத்திரப் புள்ளியே 5 பிக்சல் தடிப்பு என்பதால் அதைக் கழித்துப் பார்த்தேன், செக்கனுக்கு 4,300 கிலோமீற்றர் சொச்சம் வந்தது. ஆராய்ச்சியாளர்கள் சொல்வது 3,000க்கும் 4,000க்கும் இடையில். பரவாயில்லை என்று தோன்றும், ஆனால் நம்பாதீர்கள், அடுத்த இரவு எடுத்தபோது 5,200 வந்தது. ஒளி நுழைய ஒடுங்கிய பிளவு இல்லாத இந்த மாதிரிக் கருவியில் நட்சத்திரம் எவ்வளவு துடிக்கிறதோ அவ்வளவு கோடும் தடிக்கும். "கருந்துளை எடை போடலாம்" என்று விளம்பரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். போடலாம், அம்மாவின் கொழுந்துத் தராசில் தங்கம் நிறுக்கலாம் என்கிற மாதிரி.

இன்னொரு கலக்சி, என்.ஜி.சி. 4151. இது பக்கத்து ஆள், செம்பெயர்ச்சி 0.0033தான், ஆகவே தள்ளிப்போவதைப் பார்க்கிற ஆசை இங்கே நிறைவேறாது. ஆனால் இருமுறை அயனான ஒட்சிசனின் பச்சைக் கோடுகள், 5007உம் 4959உம், குவாசரில் தேடித் தேடிப் பார்த்ததைவிட இங்கே பளிச்சென்று நிற்கும். அந்தக் கோடுகளுக்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு வாயு முகிலில் முதலில் கண்டபோது எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. நெபுலியம் என்று இல்லாத ஒரு தனிமத்துக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். 1927இல்தான் ஐரா போவன், அது நமக்குத் தெரிந்த ஒட்சிசன்தான், வாயு மிக மிக ஐதாக இருந்தால் மட்டும் அந்தக் கோடு பலமாக வரும் என்று காட்டினார். ஐதான வாயு கருந்துளையிலிருந்து தூரத்தில் மெதுவாகச் சுற்றுவதால் அந்தக் கோடுகள் மெல்லியவை. என் படத்தில் 5007 ஒரு கூர்மையான சிகரம், 4959 அதன் தோளில் ஒரு கட்டி மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கிறது, இடையில் ஆறு பிக்சல்தான். இரண்டையும் முழுதாகப் பிரிக்க இந்த 100 கோட்டுக்கு முடியாது. இதே கலக்சியில் ஐதரசனின் அகன்ற கோடு 1984 அளவில் கிட்டத்தட்ட மறைந்துபோய், பிறகு திரும்பி வந்திருக்கிறது. அதனால் வருடம் ஒரு தடவையாவது இதை எடுத்து வைக்க நினைத்திருக்கிறேன், என் படத்தில் அது தெரியாவிட்டாலும்.

எம் 77ஐ நம்பி வாங்காதீர்கள். 1908இலேயே எட்வர்ட் ஃபாத் ஒளிக்கோடு கண்ட கலக்சி, பருமன் 9 அளவில், பிரகாசம் என்று பட்டியலில் முதலில் நிற்கும். ஆனால் அதன் உடம்பு அகலமாக இருப்பதால் கிரேட்டிங் அதை முழுசாக இழுத்து ஒரு பஞ்சுப்பொதி ஆக்கிவிடுகிறது. அதோடு அது உச்சிக்கு வரும் கார்த்திகை மார்கழியில் எங்களுக்கு மழை.

மென்பொருள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, விஷுவல் ஸ்பெக் இலவசம், பழைய முகம், வேலை செய்கிறது.

ஒருவர் கேட்டார், இவ்வளவு பாடுபடுவதற்கு ஸ்லோன் வான் ஆய்வின் நிறமாலைகளை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாமே மச்சான், ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட குவாசர் இருக்கிறதே என்று. நியாயமான கேள்வி. குவாசரின் கோடுகளைப் படிக்கத்தான் ஆசை, காசு இல்லை என்றால் அதைத்தான் செய்யவேண்டும், நானும் பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் காட்டினேன். 2.5 மீற்றர் தொலைகாட்டியின் தரவு, ஒவ்வொரு கோட்டுக்கும் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள், டேட்டா காசு மட்டும். கோடுகளைப் பற்றி நான் கற்றதில் முக்கால்வாசி அங்கிருந்துதான் வந்தது. ஆனால் அங்கே மேட்டுக்குப் பக்கத்தில் பெயர் எழுதியிருக்கிறது. இங்கே நானே எண்ணினேன். இந்த வித்தியாசத்துக்கு 61,000 பெறுமா என்பதை உங்கள் பையைப் பார்த்து முடிவு செய்யுங்கள், எனக்குப் பெற்றது.

யார் வாங்கலாம்? மோட்டர் உள்ள தாங்கி கையில் இருப்பவர். பள்ளிக்கூடம், சங்கம், நாலு பேர் சேர்ந்து வாங்குகிறவர்கள், இவர்களுக்கு நிச்சயமாக. முதல் மாதம் குவாசர் பக்கமே போகாமல் சிரியஸ், மகம், சித்திரை என்று பிரகாசமானவற்றில் கையைப் பழக்குங்கள், ஐதரசன் பள்ளங்கள் முதல் இரவே வந்துவிடும். மோட்டர் இல்லாத டொப்சன் தொலைகாட்டி வைத்திருப்பவர்களும் நட்சத்திரங்களுக்கு வாங்கலாம், குவாசரை மறந்துவிடுங்கள். மொத்தத்தில் ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன், அரை அந்த வளையத்துக்கு, இன்னொரு அரை "குவாசர்களின் தூரத்தை அளவிடுங்கள்" என்று பெட்டியில் போட்டிருக்கும் தைரியத்துக்கு.

மே மாதம் தொடங்கினால் எங்கள் பக்கம் மழை, செப்டெம்பர் வரை வானத்தை மறந்துவிடலாம். கிரேட்டிங்கைச் சிலிக்கா ஜெல் பையோடு பால்மா டின்னில் போட்டு மூடிவைத்திருக்கிறேன், பூஞ்சணம் பிடித்தால் 45 நாள் சம்பளமும் போச்சு. ஜூனில் ஊவாப் பக்கம் கச்சான் காற்றுக்கு வானம் திறந்திருக்கும், அப்போது 3சி 273 இரவு எட்டு மணிக்கே உச்சியில் நிற்கும், விடிய விடிய முழித்திருக்கவும் தேவையில்லை. பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் காற்று மறைவான ஒரு முற்றம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். தொலைகாட்டி, செங்கல், குழாய்த் துண்டு எல்லாம் நான் கொண்டுவருகிறேன், இராச் சாப்பாடும் ஒரு கரண்ட் பிளக்கும் மட்டும் தந்தால் போதும்.